மட்டையை எம்புட்டு தூக்கணும்?

குர்காவுன்ல ஆணி புடுங்குற நம்மாளுங்க சில பேரு இப்போ ஞாயித்துக்கிழமையானா கோல்ஃப் ரேஞ்சுல ஆஜர். எல்லாருக்கும் ஒரே சந்தேகம். பேக்ஸ்விங்ல மட்டையை எவ்வளவு தூரம் பின்னாடி கொண்டு போகணும்? நான் பார்த்த கோச்சுங்க சொல்ற பதிலும் ஒண்ணுதான்: உச்சியில மட்டை தரைக்கு இணையா படுக்கணும், அதாவது 'பேரலல்'.

என் கட்சி வேற. உங்க தோள் எங்க திரும்பி நிக்குதோ, அங்க முடியுது உங்க பேக்ஸ்விங். அதுக்கு மேல போறது கை மட்டும் போற வெட்டிப் பயணம்.

பந்துக்கு வேகம் பெரும்பாலும் உடம்பு திரும்பறதுலேர்ந்து வருது. தோள் நின்ன பிறகும் மட்டை பின்னாடி போகுதுன்னா, இடது முழங்கை மடங்கியிருக்கும், இல்லே பிடி தளர்ந்திருக்கும் (வலது கைக்காரங்களுக்குச் சொல்றேன்). இறங்கும்போது இடுப்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்தா பந்து நேரா போகும். சேரலைன்னா புதருக்குள்ள தேட வேண்டியதுதான் :)

பெரிய ஆளுங்களையே எடுத்துக்குங்க. ஜான் டேலி பேரலலைத் தாண்டி மட்டையைத் தொங்க விட்டே 1991-ல பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் 1995-ல பிரிட்டிஷ் ஓபனும் ஜெயிச்சார். ஜான் ராம் வலது பாதம் வளைஞ்சு பிறந்தவர். அந்தக் கணுக்கால் முழுசா வளைஞ்சு கொடுக்காது. அதனால பேரலலுக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்திடுவார். அந்தக் குட்டி ஸ்விங்லதான் 2021 யூ.எஸ். ஓபன், 2023 மாஸ்டர்ஸ். அவங்கவங்க உடம்பு, அவங்கவங்க அளவு.

நாம தினம் பத்து மணி நேரம் நாற்காலியில உக்கார்ற கூட்டம். இடுப்பும் முதுகும் இறுகிக் கிடக்கு. என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் கோச் பேச்சைக் கேட்டு பேரலலுக்கு முறுக்கி, ரெண்டு மாசம் இடுப்புல பெல்ட்டோட ஆபீஸ் வந்தார். ஒரு விளையாட்டுக்கு இது தேவையா?

"தூரம் குறையுமே சார்?" கொஞ்சம் குறையலாம். ஆனா டெல்லி கோல்ஃப் கிளப் மாதிரி ரெண்டு பக்கமும் புதர் மண்டின குறுகலான இடத்துல நேரா போற பந்துக்குத்தான் மரியாதை. அங்க 2008-ல இந்தியன் மாஸ்டர்ஸ், 2016-ல இந்தியன் ஓபன் ரெண்டையும் ஜெயிச்ச சௌராசியா, தூரத்துக்குப் பேர் போனவரே இல்லை. கிரீன் பக்கத்துல காட்டுற கைவேலைதான் அவர் சொத்து.

உங்க அளவைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. மட்டையைத் தோளுக்குக் குறுக்கே வச்சு, ரெண்டு கையாலயும் மார்போட அணைச்சுக்கிட்டு, பந்தடிக்கற மாதிரி குனிஞ்சு பின்னாடி திரும்புங்க. வலிக்காம எங்க நிக்குதோ அதான் அளவு. இறுக்கமா இருந்தா இடது குதிகாலைக் கொஞ்சம் தூக்க விடுங்க. ஜாக் நிக்லஸே தூக்கினவர்தான். அப்புறம் அதே அளவுல இருபது பந்து அடிச்சு, முன்பக்கத்துலேர்ந்து மொபைல்ல படம் எடுத்துப் பாருங்க. உச்சியில இடது முழங்கை நல்லா மடங்கியிருந்தா இன்னும் குறைங்க.

கோச் சாருங்களுக்கு ஒரு விண்ணப்பம்: டிவியில வர்ற ஸ்விங்கைக் காட்டறதுக்கு முன்னாடி, எதிர்ல நிக்கற ஆளோட முதுகு எவ்வளவு திரும்புதுன்னு பாருங்க. என்ன மக்களே, நான் சொல்றது சரிதானே?