முகத்திற்கும் கூலி உண்டு

கைத்தறிச் சங்கங்களின் விற்பனையைப் பற்றி இவ்விதழில் எழுதும்போதெல்லாம் நூல் விலையையும் சாயத்தின் உறுதியையும் தள்ளுபடியையும் பற்றியே நாம் பெரிதும் எழுதி வந்திருக்கிறோம். படத்தைப் பற்றி எழுதியதில்லை. ஆனால் இன்று வாங்குவோரில் பலர் சேலையைக் கையால் தொடுவதற்கு முன்பே அதன் படத்தைக் கைப்பேசியில் கண்டுவிடுகிறார்கள். கொடியில் தொங்கவிட்டு எடுத்த படத்தை அவர்கள் இரண்டாம் முறை நோக்குவதில்லை. ஒருவர் உடுத்தி நிற்கும் படத்தையே நோக்குகிறார்கள். ஆகவே நாம் பார்வையிடும் சங்கங்கள் சில, பண்டிகைக்கு முன்னர்ப் புகைப்படக்காரரை அழைப்பதை ஒரு வழக்கமாகவே கொண்டுவிட்டன. படம் எடுப்பவருக்குப் பில் உண்டு, ரசீது உண்டு. படத்தில் நிற்பவருக்கு என்ன உண்டு? இக்கேள்விக்கு நாம் ஒருமுறை தவறான விடை எழுதியிருக்கிறோம். அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மதுரை நகரின் தென்புறத்திலுள்ள ஒரு சுங்குடிச் சங்கம் தீபாவளி விற்பனைக்காகப் படங்கள் எடுத்தது. புகைப்படக்காரருக்கு ரூ. 12,000. சேலை உடுத்தி நின்ற, அங்கத்தினர் வீட்டுப் பெண்கள் இருவருக்குத் தலைக்கு ரூ. 500. திண்ணையில் அமர்ந்து சுங்குடி முடிச்சுக் கட்டிக்கொண்டிருந்த, ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையாரையும் அன்று படம் எடுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஒரு தம்ளர் தேநீர்.

பின்னர் நாம் ஆய்வுக்குச் சென்றோம். 12,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் இருந்தது, பில் இருந்தது, சொல்வதற்கு ஒன்றுமில்லை. அந்த இரண்டு ஐந்நூறுகளின் வவுச்சரைக் கண்டதும் நமது பேனா நின்றது. சும்மா நிற்பதற்குக் கூலியா, எந்தத் தலைப்பில், எந்தத் தீர்மானத்தின்படி என்று கேட்டு ஆட்சேபம் எழுதினோம். செயலாளர் வாதாடவில்லை. மறுவாரமே ரூ. 1,000-ஐத் தம் கையிலிருந்து கட்டிவிட்டார். காரியம் விதிப்படி முடிந்தது என்று நாமும் திருப்தியடைந்தோம்.

அடுத்த ஆண்டு நாம் அதே தெருவிற்குச் சென்றபோது, அந்த அம்மையார் ஒரு துண்டு விளம்பரத்தை நம் கையில் கொடுத்தார். நாளிதழின் நடுவே வைத்து வீடு வீடாகப் போட்டது அது. நகைக்கடன் கொடுக்கும் தனியார் நிறுவனம் ஒன்றின் விளம்பரம். அதில் அவருடைய முகம், நகை அடகு வைத்ததால் தம் குடும்பம் தலைநிமிர்ந்தது என்று அவரே சொல்வது போன்ற வாசகத்தோடு அச்சாகியிருந்தது. "நா அந்தக் கடைப் பக்கமே போனதில்ல சார். தோட்ட அடகு வச்சியான்னு தெருவுல கேக்குறாக. மக மாமியா போன் போட்டுக் கேக்குது. யாருக்குன்னு பதில் சொல்ல?" என்றார். அவருடைய காதில் தோடு அப்போதும் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டியே அவர் பேசினார்.

விசாரித்ததில் எல்லாம் காகிதத்தோடுதான் நடந்திருந்தது. புகைப்படக்காரர் அப்படங்களை 'ஸ்டாக் போட்டோ' என வழங்கும் படக் களஞ்சியம் ஒன்றில் இட்டிருந்தார். அதற்கு வேண்டிய 'மாடல் ரிலீஸ்' என்னும் சம்மதப் பத்திரத்தில் அம்மையாரின் கையெழுத்து இருந்தது. பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. படப்பிடிப்பு நாளன்று சங்கத்தின் சிற்றெழுத்தர்தாம் அதை எல்லோரிடமும் நீட்டிக் கையெழுத்து வாங்கினார். வருகைப் பதிவு என்றே கையெழுத்திட்டவர்கள் நினைத்தார்கள், வாங்கியவரும் அப்படியே நினைத்தார். படங்களைப் புகைப்படக்காரர் வேறு வகையிலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற ஒரு வரி சங்கம் கொடுத்த வேலை உத்தரவிலும் இருந்தது. நிர்வாகக் குழுவில் அதைப் படித்தவர் எவருமில்லை. ஆய்வுக்குச் சென்ற நாமும் படிக்கவில்லை. ஐந்நூறு ரூபாய் வவுச்சரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த கண், அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தது.

இந்தப் படக் களஞ்சிய வியாபாரம் எத்தகையது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நல்லது. புகைப்படக்காரர் தம் படத்தை அங்கே சேர்க்கிறார். உலகின் எந்த மூலையிலுள்ளவரும் சிறு தொகை கட்டி அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே படம் நூறு முறையும் விற்கும், ஆயிரம் முறையும் விற்கும். விளம்பரத்திற்கு விற்பதானால் படத்திலுள்ளவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தைப் பெரிய நிறுவனங்கள் கேட்கின்றன. செய்திக்கு மட்டும் என்றால் கேட்பதில்லை. அங்கே சேர்ப்பதால் புகைப்படக்காரர் செல்வந்தராகிவிடுகிறார் என்றும் எண்ண வேண்டாம். ஷட்டர்ஸ்டாக் என்னும் நிறுவனம் 2020-ல் வகுத்த முறைப்படி, படம் எடுத்தவருக்கு விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பது வரை பங்கு. மிகக் குறைந்த தொகை அமெரிக்க நாணயத்தில் பத்து சென்ட். ஆகவே புகைப்படக்காரரை மட்டும் நிந்தித்தல் முறையன்று. அவரும் நம் நெசவாளரைப் போலவே, தம் பொருள் எந்த விலைக்குப் போகிறது என்று அறியாமல் கொடுப்பவர்தாம். ஆனால் அவருக்காவது பத்து சென்ட் உண்டு. படத்திலிருப்பவருக்கு ஒவ்வொரு விற்பனைக்கும் பங்கு கொடுக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அன்று கையில் பெற்றது எதுவோ அதோடு சரி.

இது நம் ஊரில் மட்டும் நிகழ்வதன்று. மகாராஷ்டிரப் பெண்மணி ஒருவரின் படம் அவர் அறியாமலே ஷட்டர்ஸ்டாக் தளத்தில் ஏறி, பல அரசுகளின் விளம்பரங்களிலும் வேறு விளம்பரங்களிலும் இடம்பெற்றதாக அவர் தொடுத்த வழக்கில், 2025 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் மத்திய அரசுக்கும் சில மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. மேலெழுந்தவாரியாகப் பார்க்கையில் இது அவர் படத்தை வியாபார ரீதியில் சுரண்டியதாகவே தோன்றுகிறது என்றும் கருத்துரைத்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றும் இங்கே நினைவுகூரத்தக்கது. நக்கீரன் இதழாசிரியர் ராஜகோபால் தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவருடைய சம்மதமின்றி விளம்பரத்திற்குப் பயன்படுத்துவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்துவிட்டது. சட்டம் இருக்கிறது. சம்மதம் என்ற பெயரில் நாம் என்ன காகிதத்தை நீட்டுகிறோம் என்பதில்தான் குறை இருக்கிறது.

விவசாய அங்கத்தினர்கள் கேட்கத்தக்க ஒரு வரலாறும் உண்டு. 1936-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணிப் பயிர் உறைபனியில் கருகியதால் வேலையற்றோர் கிடந்த முகாமில், கூடாரத்தில் இருந்த ஒரு தாயை டோரதியா லாங் என்னும் பெண்மணி படம் எடுத்தார். கவலை தோய்ந்த முகம். தோளில் முகம் புதைத்த குழந்தைகள். புலம்பெயர்ந்த தாய் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட படம் அது. அரசாங்கச் சம்பளத்தில் எடுத்த படமாதலால் எவரும் அதை அச்சிடலாம். படத்திலிருந்தவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-ல்தான் வெளியே தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் வருந்திக் கூறினார். 1983-ல் அவர் நோயுற்றபோது, மருத்துவச் செலவுக்கு வழியின்றிப் பிள்ளைகள் பொதுமக்களிடம் கையேந்த நேர்ந்தது. மக்கள் 35,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள் என்பது உண்மையே. ஆனால் அது தருமமாக வந்தது, கூலியாக வரவில்லை. அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1998-ல், அப்படத்தின் பிரதி ஒன்று 2,44,500 டாலருக்கு ஏலம் போயிற்று. அதே ஆண்டில் அமெரிக்கா அப்படத்தைத் தபால் தலையாகவும் வெளியிட்டது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்ததில் நமக்குத் தோன்றியது இது. படத்தில் நிற்பவருக்குச் சேர வேண்டியவை இரண்டு. ஒன்று, அன்றைய உழைப்பிற்கும் இழந்த வேலைக்கும் கூலி. மற்றொன்று, அவர் முகத்தைப் பயன்படுத்துவதற்கு விலை. முதலாவதை நாம் முணுமுணுத்துக்கொண்டு கொடுக்கிறோம், அல்லது கொடுத்தவரிடம் திரும்பப் பிடிக்கிறோம். இரண்டாவது ஒன்று இருப்பதாகவே நாம் எண்ணுவதில்லை. பாவும் ஊடையும் தனித்தனியே கணக்கு எழுதும் நமக்கு இது விளங்காத விஷயமன்று.

கூலியைக் கணக்கிடுவது எளிது. தறியில் அமர்ந்திருந்தால் அன்று எவ்வளவு ஈட்டியிருப்பாரோ அதற்குக் குறையலாகாது; பஸ் செலவும் உணவும் சங்கத்தைச் சேர்ந்தவை. மல்லிகைத் தோட்டத்தில் இதைவிட நுட்பமாகப் பார்க்க வேண்டும். வலையங்குளம் பக்கம் விடியுமுன்பே மொட்டுப் பறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறினால் வேலை கடினம், மொட்டு விரிந்தால் விலை இல்லை. படம் எடுப்பவருக்கோ இளவெயில்தான் வேண்டும். எடைக்குக் கூலி பெறும் ஒரு பெண்ணை அந்நேரத்தில் அரைமணி நிறுத்தி, இன்னும் ஒருமுறை கூடையைத் தூக்கம்மா, சற்றுச் சிரியம்மா என்றால், போனது அரைமணியன்று, அன்றைய கூலியில் நல்ல பங்கு.

முகத்தின் விலையைக் கணக்கிடுவதுதான் கடினம். எங்கே, எத்தனை காலத்திற்கு, எந்தச் சரக்கை விற்க என்பதைப் பொறுத்தது அது. சங்கத்தின் கடையில் ஓராண்டு தொங்கும் படத்திற்கு ஒரு தொகை. இணைய விற்பனைக்கும் சேர்த்தென்றால் வேறொன்று. தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் காலமும் இடமும் காகிதத்தில் இருக்க வேண்டும். பிறருக்குக் கொடுப்பதற்கில்லை என்பதும் இருக்க வேண்டும். காகிதம் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் படித்துக்காட்ட வேண்டும். பிரதியொன்று அவர் கையில் இருக்க வேண்டும். சிறுவர் சிறுமியரை நிறுத்துவதைத் தவிர்ப்பதே நமது அபிப்பிராயம். தவிர்க்க முடியாதென்றால் பெற்றோர் கையெழுத்தின்றி வேண்டாம். புகைப்படக்காரரைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு உடன்படிக்கை இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரையே சேரும். அந்த வேறு உடன்படிக்கையில் நாமே கண்ணை மூடிக் கையெழுத்திடாமலிருந்தால் போதும்.

யாரை நிறுத்துவது என்பதிலும் நாம் தடுமாறுகிறோம். சென்னையிலிருந்து ஏஜென்சி மூலம் அழைத்தால் ஒருநாள் செலவு சிறு சங்கத்தால் தாங்கத்தக்கதன்று. உள்ளூரில் என்றால் தலைவரின் மருமகளும் குழு உறுப்பினரின் மகளுமே ஆண்டுதோறும் நிற்கிறார்கள். கூலி கொடுக்காதவரையில் இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கொடுக்கத் தொடங்கினால் பேச்சு எழும். எழட்டும். அறிவிப்புப் பலகையில் எழுதி, விருப்பமுள்ளோரின் பெயர் வாங்கி, முறை வைத்து அழைத்தால் ஆயிற்று. சிவந்த நிறத்தையே தேடுவதும் வேண்டாம். சுங்குடியின் அரக்கும் கருநீலமும் நம் வெயிலில் கறுத்த மேனியில் எப்படிப் பொலிகின்றன என்பதைச் சித்திரை வீதியில் அரைமணி நின்றவர் அறிவர். கணினியே முகத்தைப் படைத்துக் கொடுக்கும்போது மனிதர் எதற்கு என்று ஒரு செயலாளர் நம்மிடம் கேட்டார். அவர் காட்டிய படத்தில் புள்ளிகளெல்லாம் அச்சிட்டாற்போல் ஒரே அளவில் இருந்தன. கையால் கட்டிய முடிச்சு இரண்டு ஒருபோதும் ஒன்றுபோல் இரா. நமது சரக்கின் அடையாளத்தையே அழித்துவிட்டு அதை விற்பது எங்ஙனம்?

தம் சொந்தச் சங்கத்திற்காக அங்கத்தினர் இலவசமாக நிற்கலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நிற்கலாம். ஆனால் சொந்தச் சங்கம் என்பதற்காக நாம் எவரையும் இலவசமாக நெய்யச் சொல்வதில்லை. மனமுவந்து நிற்பவருக்கும் சம்மதக் காகிதம் உண்டு. கூலி வேண்டாமென்றால் அதையும் எழுதி வாங்குவோம். 1935 முதல் நடைபெறும் கோ-ஆப்டெக்ஸ், சேலையை நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைப் பட்டுச் சேலைகளோடு இணைத்துக் கொடுத்ததை அங்கத்தினர்கள் அறிவர். அங்கே முகம் உழைப்புக்குச் சாட்சியாக நின்றது. எவருடைய கடைக்கோ இரவல் போகவில்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அந்த அம்மையாருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நகைக்கடன் நிறுவனம் நமது கடிதத்திற்குப் பின் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது. வேறு பதில் இல்லை. நம் பழைய ஆட்சேபத்தை நாமே எழுத்து மூலம் விலக்கிக்கொண்டோம். சென்ற மாசியில் நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, செயலாளர் கட்டிய ரூ. 1,000-ஐத் திருப்பிக் கொடுத்தது; அம்மையாருக்கும் அன்றைய கூலியாக ரூ. 500 பற்றெழுதப்பட்டது. புதிய படங்களுக்கான சம்மதப் பத்திரத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார் அவர். சங்கத்தின் கடைக்கும் இணைய விற்பனைக்கும் இரண்டு ஆண்டு என்பதற்கு உடன்பட்டார். 'தேவையெனில் மேலும் நீட்டிக்கலாம்' என்ற கடைசி வரியைத் தம் கையாலேயே அடித்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்திட்டார்.