இளநீர் நல்லதுதான்... ஆனால் தாத்தாவுக்கு?

கத்திரி வெயில் நேரத்தில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பல வீடுகளில் நடக்கிற காட்சி இது. தாத்தா, பேரனிடம் காலி மாத்திரை அட்டையை நீட்டுவார். "டேய், இதைக் காட்டி இன்னும் மூணு அட்டை வாங்கிண்டு வா. வரச்சே ரெண்டு இளநீர்!" மெடிக்கல் ஷாப்பில் அட்டையைப் பார்த்ததும் மாத்திரை வந்துவிடும். சீட்டு எங்கே, எப்போது எழுதியது, கடைசியாக ரத்தம் எப்போது சோதித்தது... ஒரு கேள்வியும் கிடையாது. தி.நகரிலும் அடையாறிலும் இதே கதைதான்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? பெரும்பாலான நாள் ஒன்றும் ஆகாது. ஆகிற நாளைக்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'பிராஷ்'. அமெரிக்க டாக்டர் ஜோஷ் ஃபார்கஸ் 2016-ல் வைத்த பெயர். இதயத் துடிப்பு குறைதல், சிறுநீரகச் செயலிழப்பு, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்த அழுத்தம் அடியோடு சரிதல், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுதல் - இந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அது.

நடப்பது இதுதான். பி.பி.க்கும் இதயத்துக்கும் தரப்படுகிற அட்டெனலால், மெட்டோப்ரொலால், டில்டியாசெம் போன்றவை துடிப்பைக் குறைப்பவை. இதில் அட்டெனலால் முக்கியமாகச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெயிலிலோ வயிற்றுப்போக்கிலோ உடம்பில் நீர் வற்றினால், ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகம் இன்னும் தளரும். மாத்திரையும் தேங்கும், பொட்டாசியமும் தேங்கும். இரண்டும் சேர்ந்து இதயத்தை மெதுவாக்கும். இதயம் மெதுவானால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறையும். அது இன்னும் தளரும்... வட்டிக்கு வட்டி கட்டுகிற கடன் மாதிரி!

விபரீதம் என்னவென்றால், மாத்திரை அதிகம் சாப்பிட்டிருக்க வேண்டியதே இல்லை. பொட்டாசியமும் பயங்கரமாக ஏறியிருக்க வேண்டியதில்லை. தனித்தனியே பார்த்தால் சுமாரான இரண்டு விஷயங்கள், சேர்ந்தால் நாடித்துடிப்பு நாற்பதுக்கும் கீழே போய்விடலாம்.

இந்த நேரம் பார்த்து நாம் என்ன கொடுக்கிறோம்? "பாவம், களைச்சுப் போயிட்டார்" என்று இளநீர். ஒரு பெரிய டம்ளர் இளநீரில் அரை கிராம் அளவுக்குப் பொட்டாசியம் உண்டு. நல்ல சிறுநீரகம் அதைச் சுலபமாக வெளியேற்றிவிடும், கெட்டுப்போனதால் முடியாது. பி.பி.க்கு நல்லது என்று வாங்குகிற 'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றிலும் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கிறது. டெல்மிசார்டான், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. மூட்டுவலிக்குக் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1945-ம் வருட மருந்து விதிகள்படி, திரும்பவும் தரலாம் என்று டாக்டர் எழுதாவிட்டால், ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் இந்த வகை மருந்தைத் தர வேண்டும். யார் மதிக்கிறார்கள்?

கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மாசா மாசம் டாக்டர் ஃபீஸ் கட்ட எத்தனை பேரால் முடியும்? சீட்டு இல்லை என்று மாத்திரையை மறுத்தாலும் ஆபத்துதான். இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் எதிர்ப்பக்கம் தாறுமாறாக ஓடலாம். அதனால் யாரும் இதைப் படித்துவிட்டுத் தாத்தாவின் மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள்!

செய்ய வேண்டியது வேறு. க்ரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் சோதிக்க வேண்டும். வாந்தி, பேதி, சாப்பிட முடியாமை வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் "இந்த மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறார்" என்று சொல்லிக் கேட்க வேண்டும். மயக்கமும் நாடி குறைவதும் தெரிந்தால் இளநீர் அல்ல, 108-தான். சீக்கிரம் பிடித்தால் கால்சியம் ஊசி, இன்சுலினுடன் குளுக்கோஸ், தேவைப்பட்டால் டயாலிசிஸ் என்று மீட்க வழி இருக்கிறது.

சோதனைக்கு ஆகிற செலவு சில நூறு ரூபாய். ஐ.சி.யு. பில் எத்தனை ஆயிரம் என்பதை எந்தக் குடும்பமும் சொல்லும். அடுத்த முறை அட்டை தீரும்போது, மெடிக்கலுக்குப் போகும் முன் தாத்தாவிடம் ஒரே ஒரு கேள்வி: "தாத்தா, கடைசியா எப்போ பிளட் டெஸ்ட் பண்ணினேள்?"