நாற்காலிக்கு ஒரு மறைப்பு

மாடிகள் உயர உயர, எங்கள் ஊர்ப் பக்கம் பின்வாசல்கள் ஒவ்வொன்றாக ஆளில்லாமல் போகின்றன. ராஜபாளையத்தில் மூன்று சென்ட் மனை வாங்கி வீடு கட்டுகிறவர் முன்பக்கம் வண்டி நிறுத்த இடம் விடுகிறார். மீதிக்கெல்லாம் கட்டிடம் எழுப்பிவிட்டுப் பின்னால் பத்தடியோ பதினைந்தடியோ மிச்சம் வைக்கிறார். அதில் ஒரு துவைகல், ஒரு கொடிக்கயிறு, ஒரு கறிவேப்பிலை. இரண்டு வருடத்தில் பின்மனையிலும் வீடு எழும்புகிறது, மாடியோடு. மாடியில் சன்னல் வருகிறது, பால்கனி வருகிறது, இப்போதெல்லாம் கூடவே ஒரு கேமராவும் வருகிறது. அதற்கப்புறம் இந்த வீட்டுப் பெண்கள் பின்வாசலில் உட்கார்வதில்லை. துணியை உதறிக் காயப் போட்டுவிட்டு உடனே உள்ளே வந்துவிடுகிறார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவள் தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப் போட்டு இளவெயிலில் உட்கார வேண்டும். பிள்ளை பெற்றவள் நாலு சுவருக்கு வெளியே வந்து காற்று வாங்க வேண்டும். நைட்டியோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுக்க, மருமகளோடு மனம் விட்டுப் பேச, சில நாள் யாருக்கும் தெரியாமல் அழ, ஓர் இடம் வேண்டும். ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது. பழையபாளையம், சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை என்று ஊரின் பழைய பகுதிகளில் சாவடிகள் இருக்கின்றன. வானம் தெரிய வேண்டும், ஆள் பார்க்கக் கூடாது என்றால் பெண்ணுக்குப் பின்வாசலை விட்டால் வேறு இடம் கிடையாது.

மாடியிலிருந்து பார்வை விழுகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் தகரத்தைத் தேடிப் போகிறார்கள். சுற்றுச்சுவருக்கு மேல் ஆறடித் தகரம் ஏற்றினால் ஒரே நாளில் வேலை முடிகிறது. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் அந்தத் தகரம் உள்ளே இருப்பவரைத்தான் வேகவைக்கும். ஆடியில் மலைப்பக்கமிருந்து வருகிற காற்று தகரத்தில் மோதி மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும். புழுதியெல்லாம் சோற்றுப் பானைக்கு வரும். இலை அடர்ந்த வேலி அப்படிச் செய்யாது. காற்றை வடிகட்டி, வேகம் குறைத்து உள்ளே விடும். பச்சை நிழல்வலை கட்டுகிறவர்களும் உண்டு. விலை குறைவுதான். இரண்டு மூன்று கோடை தாண்டுவதற்குள் நூல் நூலாகக் கிழிந்து தொங்குகிறது.

நான் சொல்ல வருவது எளிமையான ஒன்று. மனை முழுவதையும் மறைக்க வேண்டாம். நாம் உட்காரும் நாற்காலியை மறைத்தால் போதும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பின்வீட்டு முதல் மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 15 அடி உயரத்தில் இருக்கும் என்று வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் தலை 4 அடி உயரத்தில். இருவருக்கும் நடுவே 30 அடி. இந்தப் பார்வையை 15 அடி தள்ளியிருக்கும் எல்லைச் சுவரில் தடுக்க வேண்டுமானால் சுவர் ஒன்பதரை அடியாவது எழும்ப வேண்டும். அதையே நாற்காலிக்கு 5 அடி தள்ளித் தடுக்க 6 அடிச் செடி ஒன்று போதும். உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் வர வர மறைப்பின் உயரம் குறைந்துகொண்டே வரும். ஆகவே நர்சரிக்குப் போகும் முன் ஒரு சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். எந்தச் சன்னல் தெரிகிறது, எந்த மொட்டைமாடி தெரிகிறது என்று பாருங்கள். வீட்டில் ஒருவரை ஒரு நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, எங்கே நிறுத்தினால் அந்தச் சன்னல் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செடி அங்கேதான் வர வேண்டும். பல வீடுகளில் இரண்டு மூன்று குழி தோண்டினாலே காரியம் முடிந்துவிடும்.

சட்டத்தில் வழி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 18ஆவது பிரிவில் இதைப் பற்றிப் பேசுகிறது. ஓர் ஊரில் வழிவழியாக அப்படியொரு வழக்கம் இருந்தால், அயல்வீட்டின் மறைவான பகுதியைப் பார்க்கும்படி புதிதாகச் சன்னல் திறக்கக் கூடாது என்று உதாரணத்தோடு சொல்லியிருக்கிறார்கள். 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கோகல் பிரசாத் வழக்கில், பெண்கள் புழங்கும் பகுதியைப் பார்க்கும்படி பக்கத்து வீட்டார் கட்டிய புதுத் தாழ்வாரமும் கதவுகளும் தவறு என்று தீர்ப்புச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் அதே நூற்றாண்டில் வேறு பாதையில் போனது. தன் சுவரில் ஒருவர் சன்னல் திறந்தார் என்பதற்காக அயலார் வழக்குப் போட முடியாது என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் அறிவித்தார்கள். அந்தத் தீர்ப்பை நான் மனமாரக் கொண்டாடினேன். ஆனாலும் பின்வீட்டுச் சன்னலுக்காகக் கோர்ட்டு ஏறி அலைவதைவிட நம் மண்ணில் நாம் ஒரு மருதாணி வைப்பது மேல். பகையும் வளராது.

என்ன செடி வைப்பது என்பதற்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூரைத்தான் காட்டுவேன். பெரியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை கட்டிய ஊர் அது. துளசிக்கு அடியில் ஆண்டாள் கிடைத்ததாகச் சொல்லும் அந்த நந்தவனத்தை இன்றும் கோயிலில் காட்டுகிறார்கள். ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைப் பார்த்திருப்பீர்கள். நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை, அலகுக்கு மாதுளம்பூ, கூடவே நந்தியாவட்டையும் செவ்வரளியும். இந்த நான்கும் ஆள் உயரம் வளர்ந்து இலை கட்டி நிற்பவை, நம் வெயிலைத் தாங்குபவை. கிளி கட்டுகிற செடிகளை வைத்தே பின்வாசலில் ஒரு மறைப்பு எழுப்பிவிடலாம். ஆனால் அரளி நஞ்சு, மரவள்ளி இலையும் பச்சையாகத் தின்றால் நஞ்சு. தவழும் பிள்ளையோ மாடோ இருக்கும் வீட்டில் வேண்டாம்.

அந்தக் கோயிலிலேயே கண்ணாடிக் கிணறு என்று ஒன்று உண்டு. பெருமாளுக்குக் கட்டிய மாலையை அப்பா பார்க்காத நேரத்தில் எடுத்துச் சூடிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரில் ஆண்டாள் தன்னைப் பார்த்துக்கொண்டாள் என்பது ஊர் சொல்லும் கதை. பெண்கள் பலர் அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்காமல் வருவதில்லை. யாரும் பார்க்காத ஓர் இடமும் கொஞ்ச நேரமும் அவளுக்கு வாய்த்ததால்தான் அந்தக் கதையே நடந்தது என்று எனக்குத் தோன்றும்.

செடிகளுக்கு வருகிறேன். மருதாணியைத்தான் நான் முதலில் சொல்வேன். தண்ணீர் குறைவாகக் கேட்கும், கரிசலிலும் வரும், வெட்ட வெட்ட அடரும். ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டு, முழங்கால் உயரம் வந்ததும் தலையைக் கிள்ளிவிட வேண்டும். இந்த வேலையைச் செய்ய மனம் வராமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கிள்ளாத மருதாணி மேலே குடையாக விரிந்து கீழே வெறும் குச்சியாக நிற்கும், இடுக்கு வழியே எல்லாம் தெரியும். நொச்சியும் ஆடாதோடையும் அடுத்தவை. ஆடு வாய் வைக்காது, கவனிக்காமல் விட்டாலும் சாகாது. இருமலுக்கு ஆடாதோடை இலை, ஆவி பிடிக்க நொச்சி என்று வீட்டுக்கும் உதவும். செம்பருத்திக்குக் கொஞ்சம் அதிகம் தண்ணீர் வேண்டும், மாவுப்பூச்சி வரும். பூவுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

முருங்கையை மறைப்புக்கென்று நம்ப வேண்டாம். இலை சன்னம், ஆடிக் காற்றில் கிளை முறியும், மழை முடிந்ததும் கம்பளிப்பூச்சி. குழம்புக்காக ஒரு மூலையில் நிற்கட்டும். அகத்தி ஒரு வருடத்தில் கூரை உயரம் போகும். மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு மெத்த நல்லது. நெட்டிலிங்கத்தை அசோகா என்று சொல்லி விற்கிறார்கள். இடத்தை அடைக்காமல் கம்பம் போல் நேராக உயரும் என்பதால் இரண்டாம் மாடிப் பார்வைக்கு அதுதான் தோது. புதுக் குடியிருப்புகளில் வேலிக்கென்று வைத்த கோனோகார்பஸை மட்டும் யாரும் வாங்கிவிடாதீர்கள். குஜராத் 2023இல் அதற்குத் தடை போட்டது, தமிழ்நாடும் பிறகு தடுத்துவிட்டது. அதன் மகரந்தம் ஒவ்வாமை தருகிறது, வேர் குழாய்களைத் துளைக்கிறது என்பதுதான் புகார்.

மேலிருந்து விழும் பார்வைக்குப் பந்தலைப் போல் ஒன்று கிடையாது. நாலு கல்தூணோ இரும்புக் குழாயோ நட்டு, ஏழடி உயரத்தில் கம்பி இழுத்தால் எத்தனை மாடி எழும்பினாலும் கவலையில்லை. ஆடிப்பட்டத்தில் அவரை போட்டால் மார்கழி, தை வரை பந்தல் நிறைந்திருக்கும். பங்குனிக்குள் காய்ந்து உதிரும், நாம் ராத்திரிக் காற்றுக்காக வெளியே கட்டில் போடப் போகும் நேரத்தில். ஆகவே அவரையோடு ஒரு முல்லையையோ ரங்கூன் மல்லியையோ சேர்த்து ஏற்றிவிட வேண்டும். மனோரஞ்சிதம் வைக்கத் தெம்பு உள்ளவர்கள் வையுங்கள். மெதுவாகத்தான் வரும், ஏறிப் படர்ந்துவிட்டால் கோடையிலும் இலை கொட்டாமல் நிற்கும், வாசம் தெருவரை போகும்.

தண்ணீர்தான் எங்கள் ஊரின் பெரிய கேள்வி. ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வற்றினால் ராஜபாளையத்துக் குழாய்களில் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. குளியலறையின் வெளிக்குழாய் எங்கே விழுகிறதோ அங்கே இரண்டு வாழையும் ஒரு வரிசைக் கல்வாழையும் வைத்தால் சோப்புத் தண்ணீரைக் குடித்தே அவை தளதளவென்று எழும்பும். நாலைந்து மாதத்தில் அந்த மூலை மறைந்துவிடும். வேலிச் செடிகளை ஐப்பசி மழைக்குச் சற்று முன், புரட்டாசிக் கடைசியில் நட்டால் முதல் இரண்டு மாதத் தண்ணீரை வானம் பார்த்துக்கொள்ளும்.

“செடி அடர்ந்தா பாம்பு வந்து அடையுமே” என்று மலையடிவாரத்துத் தெருக்களில் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான பயம். செடியின் அடியில் ஒரு அடி உயரத்துக்குக் கிளையே இல்லாமல் கழித்துவிடுங்கள், சருகைக் கூட்டுங்கள், ஓடு, விறகு, செங்கல் எதையும் அங்கே அடுக்காதீர்கள். எலி தங்காத இடத்தில் பாம்புக்கு வேலை குறைவு. மறைப்பு வேண்டியது தலை உயரத்துக்குத்தானே, கணுக்காலுக்கு வேண்டாம்.

நடுவதற்கு முன் பின்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் சன்னலை நாம் அடைக்கிறோம் என்று அவருக்குத் தோன்றக் கூடாது. எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நட்டால் வேரும் சருகும் அவர் பக்கம் அவ்வளவாகப் போகாது. நமக்கும் நின்று வெட்ட இடம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தி வீட்டு மருதாணி சுவர் தாண்டிச் சாய்ந்தபோது, அந்தப் பக்கத்து மருமகள் எட்டிப் பார்த்து, “மதினி, இந்தக் கொப்பை நான் வெட்டிக்கிடவா?” என்று கேட்டாள். “வெட்டிக்கோ தாயி, இலைய அரைச்சுப் பிள்ளைகளுக்கு வையி. பூ கிடைச்சா ரெண்டு இங்க போடு” என்றாள் சித்தி. அந்த வேலி அவர்களுடைய பார்வையைத் தடுத்தது. பேச்சு இலைகளின் ஊடே போய்க்கொண்டேதான் இருந்தது. தகரம் வைத்திருந்தால் அவர்கள் இருவரும் இத்தனை பேசியிருக்க மாட்டார்கள்.

செலவைக் கண்டு யாரும் தயங்க வேண்டாம். நொச்சி, ஆடாதோடை, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாமே போத்தில் வரும், மருதாணியும் வரும். பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி மண்ணுக்குள் போகும்படி பால் கவரில் ஊன்றி நிழலில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் துளிர் விடும். ஆவணியில் ஊன்றியது புரட்டாசி முடிவில் குழிக்குத் தயாராகும். தெருவில் யார் வீட்டிலாவது இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் நிற்கும். கேட்டால் இல்லை என்று சொல்கிறவர்களை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. குச்சி வேர் பிடித்து ஆள் உயரம் வர இரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரைக்கும் கொடிக்கயிற்றில் ஒரு பழைய பருத்திச் சேலையை இழுத்துக் கட்டி, நாற்காலியை இன்றைக்கே வெளியே போடுங்கள்.