ஸ்பேனரைக் கீழே வையுங்கள், நண்பர்களே!

'டிரான்ஸ்ஃபர் கேஸின் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று கேள்வி வந்தால் போதும், நம்மில் பலர் தூக்கத்தில் எழுப்பினாலும் வரைந்துவிடுவோம். ஆனால் ஒரு டிரைவர் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, "மணல்ல முன் வீல் இழுக்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்க தம்பி" என்றால்? உடனே ஸ்பேனர் செட்டைத் தேடுவோம். பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற நினைப்பு. இந்த நினைப்புதான் தப்பு என்கிறேன் நான்.

ஏட்டுப் படிப்பு இல்லாமலே இதில் தேர்ந்தவர்கள் நம் ஜில்லாவிலேயே உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷம், முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலும் சேறும்தான். ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பும் வேனும்தான் ஆட்களை ஏற்றிப் போய்வந்தன. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் ரோடு திறந்தார்கள். மணலில் ஓட்டிப் பழகிய டிரைவர் வண்டி சிக்கினால் முதலில் பார்ப்பது கியர் பெட்டியை அல்ல, டயரை! கொஞ்சம் காற்றை இறக்கினால் டயர் அகலமாகப் படுத்து மணலைப் பிடிக்கும். பாதி 'பழுது' அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, ஃபோர் வீல் என்றால் நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றியே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில், மணலில் பிடிமானம் இல்லாத முன் சக்கரம் ஒன்றும் பின் சக்கரம் ஒன்றும் சுற்றும். மற்ற இரண்டும் சும்மா நிற்கும். அது பழுதே இல்லை. தியரி பேப்பரில் நாமே எழுதியதுதான். வண்டி முன்னால் நிற்கும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறது!

சரி, உண்மையிலேயே முன் வீல் இழுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஃபோர் வீல் லீவரைப் போட்டு வண்டியை ஓரடி நகர்த்துங்கள். அப்போதுதான் பல் உட்காரும். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு வையுங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள்). இப்போது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பல் இடைவெளி அளவுக்குக் கொஞ்சம் ஆடலாம், ஆனால் சுற்றக்கூடாது. சுற்றினால் குனிந்து முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். அதுவும் கூடவே சுற்றினால் கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸிலோ லீவர் கம்பியிலோ இருக்கிறது. ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் ஹப், ஆக்சில் ஷாஃப்ட், கிரௌன் பினியன் இவற்றில் ஒன்று. இதில் ஒரு சூட்சுமம்: உடைந்தது நீங்கள் தூக்கிய பக்கம்தான் என்று சொல்ல முடியாது. தரையில் நிற்கும் பக்கத்து ஆக்சில் உடைந்திருந்தாலும் இந்தச் சக்கரம் சுற்றும்!

இதற்கு ஆகும் செலவு பூஜ்யம். எனக்குத் தெரிந்த ஒரு பழைய பிக்கப், கடற்கரையிலிருந்து மீன் பெட்டி ஏற்றும் வண்டி. ஒரு பட்டறையில் டிரான்ஸ்ஃபர் கேஸையே இறக்கிப் பிரித்துவிட்டார்கள். உள்ளே எல்லாப் பல்லும் நன்றாக இருந்தது. லீவருக்குக் கீழே ஒரு பின் உப்புக் காற்றில் அரித்துப்போய், லீவர் மட்டும் அசைந்தது, கம்பி அசையவில்லை. இரண்டு நாள் லோடு போச்சு, கூலியும் போச்சு. டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

"லீவர் ஃபோர் வீல்லேயே மாட்டிக்கிச்சு அண்ணே" என்பது இன்னொரு புகார். முன், பின் ஷாஃப்டுகளை நேராகப் பூட்டிவிடும் இந்த வண்டிகளைத் தார் ரோட்டில் ஃபோர் வீலிலேயே ஓட்டினால் வரும் வினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பின் டயர் புதுசு, ஆரம் 35 செ.மீ. முன் டயர் தேய்ந்தது, 34 செ.மீ. ஒரு சுற்றுக்கு வித்தியாசம் 6 செ.மீ.க்கு மேல். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் சுமார் 28 மீட்டர்! மணல் என்றால் வழுக்கிக் கொடுக்கும். தார் கொடுக்காது, ஷாஃப்டுகள் முறுக்கேறி லீவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் தட்ட வேண்டாம். நேராகச் சில அடி ரிவர்ஸ் போனால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும்.

ஆயில் பால் நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிச் சூடான ஹவுசிங் கடல் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் உப்பிலும் மணலிலும் அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

இதையெல்லாம் நம் லேபில் கற்றுக்கொள்ள முடியுமா? அறுத்து வைத்து பெயின்ட் அடித்த மாடல் எந்தக் காலத்திலும் பழுதாகாதே! துறைக்கு ஒரு ஓட்டை ஜீப் வாங்கிப் போடட்டும். ஒரு வாரம் சார் ரகசியமாக லீவர் கம்பியைக் கழற்றி வைக்கட்டும், மறுவாரம் ஒரு ஹப்பைத் திறந்துவிடட்டும். நம் கையில் ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டாண்டு, ஒரு டார்ச், ஒரு மணி நேரம். கண்டுபிடித்தால் மார்க், ஸ்பேனரை முதலில் தொட்டால் மைனஸ் மார்க்! அடுத்த வருஷ யூனியன்காரர்கள் இதைத் துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுக்கத் தயாரா? கையெழுத்துப் போட மூன்றாம் ஆண்டில் நாங்கள் சிலர் இருக்கிறோம்.