"பைக்க எங்கண்ணா விடுறது?"



இந்த அனுபவம் உங்களில் பாதிப் பேருக்காவது இருக்கும். ஒரு வேலையா பெரிய கட்டடம் ஒண்ணுக்குப் போறீங்க. பார்க்கிங் வாசல்ல வண்டியைத் திருப்புறீங்க. செக்யூரிட்டி அண்ணன் கையைக் குறுக்கே நீட்டுறார்.

"பைக் உள்ள விடக் கூடாது தம்பி. கார் மட்டும்தான்."

பின்னாடி வந்த கார் ஹாரன் அடிக்குது. நீங்க ஒதுங்கி நிக்குறீங்க. தடுப்புக் கம்பி மேலே போகுது, கார் உள்ளே போகுது, கம்பி இறங்குது.

"அப்போ பைக்க எங்கண்ணா விடுறது?"

"வெளிய எங்கயாச்சும் விடுப்பா."

அந்த 'வெளிய எங்கயாச்சும்' என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

என் கதையை முதல்ல சொல்லிடறேன். இன்ஜினியரிங் முடிச்ச புதுசுல ஓஎம்ஆர்ல ஒரு இன்டர்வியூ. அப்பாவோட எக்ஸ்எல்லை வாங்கிட்டுப் போனேன். அன்னைக்கு அப்பா பஸ்ல வேலைக்குப் போனார். அந்தக் கட்டடத்துக்குக் கீழே ரெண்டு மாடி பார்க்கிங். பார்வையாளர்களோட இரு சக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லைன்னு சொல்லிட்டாங்க. நேரம் ஆகுதேன்னு ரோட்டோரம் வரிசையா நின்ன வண்டிகளோட என் வண்டியையும் நிறுத்திட்டு ஓடினேன். மூணு மணி நேரம் கழிச்சு வெளியே வந்தா அந்த வரிசையே இல்லை. டீக்கடைக்காரர் சொன்னார், "எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாங்கப்பா." ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். 500 ரூபாய் அபராதம் கட்டி வண்டியை எடுத்துட்டு வந்தேன். வேலையும் கிடைக்கல, அது வேற விஷயம்.

தப்பான இடத்துல நிறுத்தினேன், அபராதம் கட்டினேன். அதுல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா ஒரு கேள்வி இன்னைக்கும் மனசுல நிக்குது. சரியான இடம் எதுன்னு அன்னைக்கு யாராவது எனக்குக் காட்டினாங்களா?

யாரோட வண்டி இது?

தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் இரு சக்கர வாகனங்கள்தான். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுட்டு வேலைக்குப் போற அக்கா, மார்க்கெட்ல கீரைக்கட்டு ஏத்துற அண்ணன், டூல்ஸ் பையோட ஏசி ரிப்பேருக்குப் போற தம்பி, நீங்க ஆர்டர் பண்ண பிரியாணியைச் சூடு ஆறாமல் கொண்டு வர்ற டெலிவரி பையன். இவங்க எல்லாரும் வர்றது அதுலதான். பொழுதுபோக்குக்கு வாங்கின வண்டி இல்லை, பொழப்புக்கு வாங்கினது. பாதி பேருக்கு இன்னும் மாசத் தவணை ஓடிட்டிருக்கு.

அரசே இதை ஊக்குவிச்சிருக்கு. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் வந்தது. 2025-26 பட்ஜெட்டில் இணையவழி சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேருக்குப் புது மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிச்சாங்க. ரெண்டும் வெவ்வேறு ஆட்சி. ரெண்டையும் வரவேற்கலாம். ஆனா வண்டி வாங்கப் பணம் கொடுத்த அரசு, அந்த வண்டியை எங்கே நிறுத்துவாங்கன்னும் யோசிக்கணும் இல்லையா?

ஏன் மறுக்குறாங்க?

நியாயமா இதையும் பார்த்துடுவோம். பைக்கை உள்ளே விடாததுக்கு நிர்வாகங்கள் சொல்ற காரணம் எல்லாமே பொய் இல்லை.

ஒண்ணு, தொழில்நுட்பம். தானியங்கி வாசல்களில் தரைக்கடியில் ஒரு கம்பிச்சுருள் புதைச்சிருப்பாங்க. மேலே வர்ற வாகனத்தோட உலோகத்தை வெச்சுத்தான் அது வாகனத்தைக் கண்டுபிடிக்கும். காரைச் சரியாகப் பிடிக்கும், பைக்கைப் பல நேரம் தவறவிடும். கம்பி ஓட்டுறவர் தலையில் இறங்குற ஆபத்தும் உண்டு. ஃபாஸ்டேக் மூலம் கட்டணம் எடுக்கும் வாசல்களில் இன்னொரு சிக்கல், இரு சக்கர வாகனத்துக்கு ஃபாஸ்டேக்கே கிடையாது.

ரெண்டு, இயந்திரத் தட்டில் காரை வெச்சு மேலே தூக்குற அடுக்கு நிறுத்தகங்கள். அந்தத் தட்டு நாலு சக்கரத்துக்காகச் செஞ்சது. பைக்கை அதுல ஏத்த முடியாது.

மூணு, சரிவுப் பாதை. மழை நாளில் வழுக்கும். காரும் பைக்கும் ஒரே பாதையில் ஏறி இறங்கினா விபத்து நடக்கும்.

எல்லாம் சரி. ஆனா இதுல எது தீர்க்க முடியாத பிரச்சினை? பைக்குக்குத் தனியா ஒரு சின்ன வாசல், சீட்டு கொடுக்க ஒரு ஆள், தரையில் சொரசொரப்பான பூச்சு, தரைத்தளத்திலேயே ஒரு மூலை. இவ்வளவுதான் தேவை. முதல் வருஷ டிராயிங் வகுப்புல கொடுத்தாலே பசங்க வரைஞ்சிடுவாங்க. 'முடியாது'ன்னு சொல்ற இடத்துல முக்கால்வாசி, செலவு பண்ண மனசு வராத இடம்தான்.

இடம் இல்லையா? வாங்க கணக்குப் போடுவோம்

நம்ம ஊர் கட்டட விதிகளின் அளவு என்ன? ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். ஒரு இரு சக்கர வாகனத்துக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர், அதாவது 1.8 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்க. ஒரு கார் நிக்குற இடத்தில் ஏறக்குறைய ஏழு வண்டி. திரும்ப, எடுக்க வழிவிட்டாலும் நாலைஞ்சு வண்டி தாராளமா நிக்கும்.

இப்போ தி.நகருக்கு வாங்க. பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் திறந்தாங்க. அதையொட்டி தணிகாசலம் சாலையில் மாநகராட்சி ஒரு பல அடுக்கு நிறுத்தகம் கட்டியது. அதோட கொள்ளளவு 222 கார், 513 இரு சக்கர வாகனம். மேலே சொன்ன அளவை வெச்சுப் பார்த்தா, 513 வண்டி நிக்கத் தேவையான இடம் சுமார் 923 சதுர மீட்டர். 222 காருக்கு 2,775. மொத்தத்தில் கால்வாசி இடத்தை பைக்குக்குக் கொடுத்தாலே, உள்ளே நிக்குற வண்டிகளில் பத்துக்கு ஏழு பைக்கா இருக்கும்.

இதைத் திரும்ப ஒரு தடவை படிங்க. கால்வாசி இடம், பத்துக்கு ஏழு பேருக்குத் தீர்வு. நடைபாதையில் நிக்குற கூட்டத்தைக் குறைக்க இதைவிட மலிவான வழி இருந்தா சொல்லுங்க, கேட்டுக்குறோம். ஆக, அரசு மனசு வெச்ச இடத்தில் முடிஞ்சிருக்கு. தனியார் வளாகங்களில் ஏன் முடியாது?

சட்டம் யார் பக்கம்?

நம்ம பக்கம்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தது. ஒரு கட்டடத்துக்கு எத்தனை கார் இடம் வேணும் என்பதோடு, எத்தனை இரு சக்கர வாகன இடம் வேணும் என்றும் அதில் இருக்கு. அந்தக் கணக்கைக் காட்டித்தான் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்குறாங்க.

அப்போ ஒப்புதல் வாங்கும்போது காகிதத்தில் இருந்த பைக் இடம், கட்டி முடிச்சப்புறம் எங்கே போச்சு? சில இடத்தில் அது குடோன். சில இடத்தில் ஜெனரேட்டர் அறை. சில இடத்தில் இன்னும் ரெண்டு கார் நிறுத்தற இடம். அனுமதி வாங்க நம்ம வண்டியைக் காட்டுறாங்க, வாங்கினப்புறம் நம்மையே வெளியே நிறுத்துறாங்க.

வெளியே நின்னா என்ன ஆகும்? நோ பார்க்கிங் அபராதம் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500. நாள் முழுக்க வெயிலில் அலைஞ்சு டெலிவரி பண்ற ஒரு தம்பிக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் உழைப்பு. தப்பு பண்ணது கட்டட நிர்வாகம், தண்டம் கட்டுறது அவன்.

கட்டணத்தையும் பாருங்க. மாநகராட்சி ஸ்மார்ட் பார்க்கிங் தொடங்கினப்போ காருக்கு மணிக்கு 20 ரூபாய், பைக்குக்கு 5 ரூபாய்னு வெச்சாங்க. இடத்துல ஏழில் ஒரு பங்கு, காசுல நாலில் ஒரு பங்கு. இடத்துக்குத் தகுந்த காசுன்னா மூணு ரூபாய்கூட வராது. சின்னத் தொகைதான், ஆனா தினம் கொடுக்கிறவங்களுக்குத் தெரியும் அதோட அருமை.

நடைபாதை நம்மது இல்லை

இங்கே ஒண்ணைத் தெளிவா சொல்லிடணும். நடைபாதையில் வண்டி நிறுத்த உரிமை கொடுங்கன்னு நாம கேட்கல. நடைபாதை நடக்கிறவங்களுக்கு. கைத்தடி ஊன்றி வர்ற பெரியவர், பார்வையில்லாத தோழர், தள்ளுவண்டியில் குழந்தையை வெச்சுத் தள்ளிட்டு வர்ற அம்மா, இவங்க உரிமைக்கு முன்னாடி நம்ம பைக் பெரிசு இல்லை.

நம்மளையும் கொஞ்சம் பார்த்துக்குவோம். போன மாசம் வட்டக் கூட்டம் நடந்தப்போ, கொடி கட்டின நம்ம வண்டிகள் மண்டபத்து முன்னாடி நடைபாதை முழுக்க நின்னுது. ஒரு பாட்டி ரோட்டுல இறங்கி, பஸ்ஸுக்கு நடுவுல நடந்து போனாங்க. நான் பார்த்துட்டுதான் இருந்தேன். எதுவும் பண்ணல. இன்னைக்கு இதை எழுதறப்போ அந்தப் பாட்டி முகம்தான் ஞாபகம் வருது. ஊருக்கு உபதேசம் சொல்றதுக்கு முன்னாடி, இனி நம்ம கூட்டங்களுக்கு ஒரு தெரு தள்ளி இருக்கிற காலி மைதானத்தை வண்டி நிறுத்தக் கேட்டு வாங்குவோம். ரெண்டு பேரைக் காவலுக்குப் போடுவோம்.

பைக்கை உள்ளே விட்டா நடைபாதை தானா காலியாகும். நடக்கிறவங்க பிரச்சினையும் வண்டி ஓட்டுறவங்க பிரச்சினையும் ஒரே பிரச்சினைதான். ரெண்டு தரப்பையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவங்க, கட்டடத்துக்குள்ளே ஏசியில் இருக்காங்க.

நாம் கேட்பது

1. மாநகராட்சி நிலத்திலும் மாநகராட்சி உரிமத்திலும் நடக்கும் எந்தக் கட்டண நிறுத்தகமும் இரு சக்கர வாகனத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஒப்பந்தத்திலேயே இது நிபந்தனையாக இருக்கணும்.

2. ஒவ்வொரு வணிக வளாகமும் அலுவலகமும் மருத்துவமனையும், ஒப்புதல் பெற்ற வரைபடப்படி எத்தனை கார் இடம், எத்தனை பைக் இடம் என்று வாசலில் தமிழில் பலகை வைக்கணும்.

3. பைக் இடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றியிருந்தால், அதை மீட்கும் வரை கட்டட நிர்வாகத்துக்கு அபராதம்.

4. டெலிவரி தொழிலாளர்களுக்கு வாசலருகே 15 நிமிடம் கட்டணமில்லா நிறுத்தம்.

5. கட்டணம் இடத்தின் அளவுக்கு ஏற்ப இருக்கணும்.

6. வண்டியைத் தூக்கும் இடங்களில், பக்கத்தில் எங்கே நிறுத்தலாம் என்று அம்புக்குறி போட்ட பலகை கட்டாயம். இடத்தைக் காட்டு, அப்புறம் அபராதம் போடு.

நீங்க செய்ய வேண்டியது

லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. இந்த வாரம் ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க.

👉 உங்களைத் திருப்பி அனுப்பின இடத்தில் செக்யூரிட்டியோட சண்டை போடாதீங்க. அவர் பன்னிரண்டு மணி நேரம் நின்னு சம்பளம் வாங்குறவர். அவரும் தன் சைக்கிளையோ பைக்கையோ வெளியேதான் விட்டிருப்பார். 'இரு சக்கர வாகனம் அனுமதி இல்லை' பலகையை மட்டும் படம் எடுங்க. தேதி, நேரம் குறிச்சுக்கோங்க.

👉 1913-க்குப் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்க. எண் இல்லாத புகார் காத்துல போன பேச்சு.

👉 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்க. ஒரே கேள்வி போதும்: "இந்தக் கட்டடத்தின் ஒப்புதல் வரைபடத்தில் இரு சக்கர வாகன நிறுத்த இடங்கள் எத்தனை?" பதிலையும் உள்ளே இருக்கிற நிலைமையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாலே போதும், மீதியை அதுவே பேசும். மனு எழுதத் தெரியலன்னா இன்பாக்ஸ்ல கேளுங்க, மாதிரி அனுப்புறோம்.

👉 உங்க வார்டு ஏரியா சபை கூடும்போது எழுந்து நின்னு இதைக் கேளுங்க. நம்ம கட்சி கவுன்சிலரா இருந்தாலும் கேளுங்க. அவங்களைக் கேட்கத்தான் முதல் உரிமை நமக்கு இருக்கு.

படங்களையும் புகார் எண்களையும் கமெண்ட்ல போடுங்க. பகுதி வாரியாகத் தொகுத்து, மாநகராட்சி ஆணையரிடம் மனுவாகக் கொடுக்க ஐடி விங் சார்பில் நாங்க தயார். நூறு பேர் தனித்தனியா புலம்புறதைவிட, நூறு புகார் எண்ணோட போற ஒரு மனுவுக்கு மரியாதை அதிகம்.

அப்பாகிட்ட அன்னைக்கு அபராதம் கட்டின ரசீதைக் காட்டினப்போ, அவர் என்னைத் திட்டல. "நாம எங்க போனாலும் முதல்ல வண்டிக்கு இடம் தேடணும்பா, அப்புறம்தான் வேலை"ன்னு மட்டும் சொன்னார். இருபது வருஷமா அவர் அப்படித்தான் ஓட்டிட்டிருக்கார்.

நம்ம பிள்ளைங்க காலத்துலயாவது அந்த வாக்கியம் தேவைப்படக் கூடாது தோழர்களே. பகிருங்கள். கேளுங்கள். கேட்டுக்கிட்டே இருங்கள்.

#பைக்குக்கும்_இடம்_கொடு
#இடத்தைக்_காட்டு_அபராதம்_அப்புறம்