ஒரு ரொட்டிக்கு ஒரு வாசனை

வீட்டிலேயே ஆலிவ் ரொட்டி சுடுகிறவர்கள் நம் ஊர்களில் பெருகிவிட்டார்கள். ஓ.டி.ஜி. அடுப்பு நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்தாயிற்று. ஆலிவ் காயும் எண்ணெயும் சின்ன நகரத்து சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கின்றன. எனக்கு இதில் மெய்யான சந்தோஷம். ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. யார் வீட்டில் சாப்பிட்டாலும் அந்த ரொட்டி ஒரே மாதிரி மணக்கிறது. காரணம், 'மிக்ஸ்டு ஹெர்ப்ஸ்' என்று எழுதிய அந்தக் குட்டி பாட்டில். ஆரிகனோ, தைம், பேசில், ரோஸ்மேரி எல்லாம் காய்ந்து ஒன்றாகக் கலந்திருக்கும். அதன் மேல் பூண்டுப் பொடி, சில்லி ஃபிளேக்ஸ், சீஸ் என்று ஏறிக்கொண்டே போகும். அடியில் இருக்கும் ஆலிவின் ருசி மேலே எழ வழியே இல்லை.

மத்தியதரைக் கடலுக்குக் கரைகள் பல. அந்தந்தக் கரைக்கு ஓர் ஆலிவ் ரொட்டி இருக்கிறது. அந்த ரொட்டிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு வாசனை இலைதான் முன்னால் நிற்கும். சுடுகிறவர்கள் இந்த ஒழுங்கையும் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த வாரம் எழுதுகிறேன்.

இத்தாலியின் வடமேற்கு ஓரத்தில் லிகூரியா என்ற ஒடுங்கிய கடற்கரைப் பகுதி. ஜெனோவா அதன் தலைநகரம். அங்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. கோதுமை விதைக்கப் போதுமான சமவெளி கிடையாது. மலைச்சரிவில் சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாக நிலம் திருத்தி, ஆலிவும் திராட்சையும் வைத்தார்கள். அப்படித் திருத்திய சிங்க்வே தெர்ரே பகுதியை 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோதுமை கப்பலில் வந்தது. இடைக்காலத்தில் ஜெனோவா வணிகர்கள் சிசிலியிலிருந்தும் கருங்கடல் துறைமுகங்களிலிருந்தும் தானியம் ஏற்றி வந்தார்கள். வாங்கிய மாவும் சொந்த எண்ணெயும் சேர்ந்து பிறந்ததுதான் ஃபொகாச்சா.

ஜெனோவாவில் மேலே ஒன்றும் வைக்காத ஃபொகாச்சாவுக்குத்தான் முதல் மரியாதை. காலையில் அதைக் கப்புச்சினோவில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அதற்கு மேல் விருப்பம் இருந்தால் வெங்காயம் போட்டது, ஆலிவ் போட்டது, சேஜ் இலை போட்டது, ரோஸ்மேரி போட்டது என்று தனித்தனியாக வாங்கலாம். பெஸ்டோ என்ற பேசில் துவையலுக்கும் இதுதான் ஊர். பேசில் இலையை இவ்வளவு கொண்டாடுகிறவர்கள் பெஸ்டோவில் அதை அடுப்பில் காட்டுவதே இல்லை. பச்சையாக இடித்து எண்ணெயில் சேர்த்துவிடுகிறார்கள். பேசிலின் மணம் சூட்டில் நிற்காது.

இத்தாலியின் தெற்கே பாரி நகரத்து ஃபொகாச்சாவில் கணக்கு வேறு. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கை மாவிலேயே பிசைந்துவிடுகிறார்கள். மேலே தக்காளி, ஆலிவ், ஆரிகனோ. சைப்ரஸ் தீவுக்குப் போனால் ஆலிவ் ரொட்டிக்குள் வெங்காயமும் பச்சைக் கொத்தமல்லியும் இருக்கும். கொத்தமல்லிக்குப் பதில் புதினா போடுகிற வீடுகளும் உண்டு. நம் வீட்டு ஃபிரிட்ஜில் எப்போதும் கிடக்கிற கொத்தமல்லிக் கட்டு, எந்தத் திருத்தமும் இல்லாமல், ஓர் அசல் மத்தியதரை ரொட்டிக்குப் போதுமானது.

ஒன்றே போதும் என்பதற்குச் சமையல் காரணம் இருக்கிறது. ஆலிவ் காயில் கசப்பு, உப்பு, புளிப்பு மூன்றும் ஏற்கெனவே உண்டு. நல்ல எண்ணெய் தொண்டையில் லேசாகக் காறும். இலையின் வேலை இவற்றுக்குத் துணை நிற்பது மட்டுமே. இலைகளின் குணமும் வேறு வேறு. ரோஸ்மேரி தடித்த இலை. அதன் மணம் எண்ணெயில் இறங்கும், அடுப்புச் சூட்டையும் தாங்கும். ஆரிகனோ பச்சையைவிடக் காய்ந்த பிறகுதான் நன்றாக மணக்கும். கொத்தமல்லி மேலே தூவினால் கருகிவிடும். மாவுக்குள் வெங்காயத்தின் ஈரத்தோடு இருந்தால் பிழைக்கும். இத்தனை குணங்களையும் ஒரே பாட்டிலில் அடைத்தால் எதற்கும் உரிய நியாயம் கிடைக்காது.

ஆலிவ் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். மரத்திலிருந்து பறித்த ஆலிவை அப்படியே தின்ன முடியாது. ஓலியூரோபின் என்ற பொருள் அதை அவ்வளவு கசப்பாக்கியிருக்கும். உப்பு நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுத்தான் கசப்பைக் குறைப்பார்கள். அந்த ஊறலில் வருவதுதான் ஆலிவின் ருசி. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், வட்டமாக நறுக்கிய கறுப்பு ஆலிவ் பெரும்பாலும் இந்த வழியில் வருவதில்லை. பழுக்காத காயைக் காரக் கரைசலில் போட்டுக் கசப்பை எடுத்து, காற்றேற்றிக் கறுக்க வைத்து, அந்த நிறம் நிலைக்க ஃபெரஸ் குளுக்கோனேட் சேர்க்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் அந்தப் பெயர் இருக்கும். உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. ருசிதான் மிகவும் குறைவு. கலமாட்டா என்ற ஆலிவ் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் உப்பு நீரில் ஊறிய பச்சை ஆலிவே மேல். கொட்டையை நீக்கி, நீரை வடித்து, துணியில் ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் சுற்றியுள்ள மாவு வேகாமல் களியாக நிற்கும்.

இனி மாவு. 400 கிராம் மைதா, 100 கிராம் கோதுமை மாவு, 10 கிராம் உப்பு, 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 360 மில்லி தண்ணீர், இரண்டு மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். கிண்ணத்தில் கலந்தால் போதும், அடித்துப் பிசைய வேண்டாம். கையில் ஒட்டும், ஒட்டட்டும். அரை மணிக்கொரு தடவை ஈரக் கையால் ஓரத்தை இழுத்து நடுவில் மடியுங்கள். மூன்று முறை மடித்தால் மாவு இழுவைக்கு வந்துவிடும். பிறகு மூடி, ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். இட்லி மாவு வெயில் காலத்தில் எப்படிச் சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடுமோ, அதே கதைதான் இதற்கும். நம் ஊர் வெப்பத்தில் வெளியே விட்டால் மணம் கூடுவதற்குள் மாவு தளர்ந்துவிடும்.

காலையில் டிரேயில் தாராளமாக எண்ணெய் ஊற்றி மாவைப் பரப்புங்கள். இரட்டிப்பாக உப்பி, தொட்டால் குலுங்க வேண்டும். இப்போதுதான் ஜெனோவாவின் உண்மையான வித்தை. விரல்களில் எண்ணெய் தொட்டு, அடித்தட்டு விரல் நுனியில் தட்டுப்படும் வரை மாவெங்கும் குழி குத்துங்கள். 75 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 4 கிராம் உப்பும் இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயும் கலந்து அடித்து, அந்தக் குழிகளில் ஊற்றுங்கள். சலமோயா என்பது இதன் பெயர். முதல் தடவை ஊற்றுகிறவருக்கு மனசு வராது. மாவு முழுகிவிட்டதாகத் தோன்றும். பயப்படாதீர்கள். அரை மணி நேரத்தில் பாதி உள்ளே போய்விடும். அடுப்பில் குழிகளில் தேங்கிய நீர் ஆவியாகி முடியும்வரை அந்த இடம் சிவக்காது. வெளுப்பாக, ஈரப்பதமாக, உப்புக் கரிப்போடு நிற்கும். குழிகளுக்கு இடையில் மேடாக நிற்கும் பகுதி எண்ணெயில் பொரிந்து பொன்னிறமாகும். ஒரே கடியில் மெத்தென்றும் மொறுமொறுப்பாகவும் வருவது இதனால்தான்.

ஆலிவைக் கையால் பிய்த்து, அடுப்பில் வைக்கும் முன் குழிகளுக்குள் அழுத்துங்கள். மேலாக வைத்தால் சுருங்கிக் காய்ந்துவிடும். ரோஸ்மேரியை எண்ணெயில் புரட்டிய பிறகே தூவுங்கள். 220 டிகிரியில் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய, 22 முதல் 25 நிமிடம். எடுத்த உடனே கம்பித் தட்டுக்கு மாற்றாவிட்டால் அடிப்பக்கம் வியர்த்துப்போகும்.

ரோஸ்மேரிக்கு நாம் இறக்குமதி பாட்டிலை நம்பியிருக்க வேண்டியதில்லை. நீலகிரியில் ரோஸ்மேரியும் தைமும் விளைகின்றன. தலைமுடிக்காக ரோஸ்மேரி வாங்குகிறவர்கள் இப்போது நிறைய. அதில் நாலு கொத்து சமையலறைக்கும் வரட்டும். வெயில் படும் ஜன்னலோரத்தில், தண்ணீர் தேங்காத தொட்டியில், செடியாகவே வைக்கலாம்.

என் யோசனை இதுதான். இந்த ஞாயிறு ஆலிவும் ரோஸ்மேரியும் மட்டும். அடுத்த முறை தக்காளி, ஆலிவ், ஆரிகனோ. அதற்கடுத்து வெங்காயமும் கொத்தமல்லியும். மாவு ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். ஆனால் ஜெனோவா, பாரி, சைப்ரஸ் மூன்றும் உங்கள் வீட்டு மேஜையில் தனித்தனி ருசியோடு வரும். குழந்தைகள் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வார்கள். கலவை பாட்டில் அந்த வாய்ப்பை அவர்களுக்கு ஒருநாளும் தராது.