சோறு போடாத படிப்பா?

"சுற்றுச்சூழல் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய்? மரம் நடவா?" பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. பிள்ளையின் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணம், சுற்றுச்சூழல் என்பது சேவை, பிழைப்பு அல்ல என்ற எண்ணம், முழுப் பொய்.

திருப்பூரைப் பாருங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போய், விவசாயிகள் நீதிமன்றத்தின் படியேறிய வழக்கு அது. ஊரின் பிழைப்பு ஆடிப்போனது. சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றும் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடிய பிறகுதான் பட்டறைகள் மூச்சு விட்டன. அதாவது பனியன் தொழிலுக்கே சோறு போட்டது சுற்றுச்சூழல் வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டது? ஆபரேட்டர் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கலங்கலை அளவு ஜாடியில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைப்பார். அடியில் எவ்வளவு சேறு படிகிறது, மேலே தண்ணீர் தெளிகிறதா என்று பார்த்து, காற்றைக் கூட்டுவதா, சேற்றை வெளியேற்றுவதா என்று முடிவெடுப்பார். கணிப்பு தவறி, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்தால் நிலையம் படுத்துவிடும், பின்னாலேயே ஆலையும் நிற்கும். அடுத்து ஆர்.ஓ., ஆவியாக்கி, உப்பு மீட்பு. வேதியியலும் உயிரியலும் இயந்திர அறிவும் ஒருசேரத் தேவைப்படும் இடம் இது.

புதிய வேலைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. ஐரோப்பாவுக்கு இரும்பும் அலுமினியமும் அனுப்புகிறவர்கள் கார்பன் கணக்குக் காட்டியாக வேண்டும். அதை எழுதவும் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். 1 கோடி வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் என்று 2024-இல் மத்திய அரசு திட்டம் அறிவித்தது. அந்தத் தகடுகளை மாட்டப்போவது ஐடிஐ முடித்த எலக்ட்ரீஷியன்கள். முப்பந்தலில் காற்றாலை ஏறிப் பழுது பார்ப்பவரும் இந்தத் துறைக்காரர்தான்.

சம்பளம் குறைவு, ஒப்பந்த வேலை என்கிறார்கள். பல இடங்களில் அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஏன் குறைவு? இதைத் தொழிலாக மதிக்காததால்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் லட்சக்கணக்கில் செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டு, அதை மோட்டார் போடுபவரிடம் கூடுதல் வேலையாகத் தள்ளிவிடுகிறோம். நாற்றம் வந்த பிறகுதான் ஆள் தேடுகிறோம். மனிதக் கழிவை மனிதர் அள்ளத் தடை விதித்து 2013-இல் சட்டம் வந்தும், மலக்குழிக்குள் மனிதர்கள் இறங்கிச் சாகிறார்கள். இயந்திரமும் பயிற்சியும் நியாயமான சம்பளமும் உள்ள வேலையாக அதை ஆக்காமல் விட்ட குற்றம் நம் எல்லோர் மேலும் இருக்கிறது. சேவை என்று பெயர் சூட்டியே உழைப்பைச் சுரண்டுவது இந்த நாட்டில் நெடுநாள் வழக்கம்.

பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கிடைக்காது என்பது எந்தப் படிப்புக்கும் பொருந்தும். மண், நீர் மாதிரி எடுக்கவும், ஆய்வகத்தில் சோதனை செய்யவும், விதிகளை வாசிக்கவும் தெரிந்தவருக்கு இங்கே இடம் உண்டு.

பெற்றோரே, பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் பக்கத்து வீட்டில் யோசனை கேட்காதீர்கள். அருகிலுள்ள சிப்காட் வளாகத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுபவரிடம் கேளுங்கள். அரசும் ஒன்று செய்யட்டும்: ஒவ்வொரு நிலையத்திலும் தகுதி பெற்ற ஆபரேட்டர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும் என்று விதி செய்து, அதை நடைமுறைப்படுத்தட்டும்.